நுதலிப் புகுதல்: கட்டுரைப் பத்தியின் கதை

வரலாற்றுக் கட்டுரைகளை விரும்பிப் படிப்பவர்கள் அனைவருக்கும் பழகிப்போன ஓர் ஏமாற்றம் உண்டு. முன்னுரை கம்பீரமாகத் தொடங்கும். முடிவுரையோ உணர்ச்சி பொங்க நிறைவுறும். இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில், அதாவது கட்டுரையின் உடல் என்று சொல்லத்தக்க இடத்தில், என்ன படித்தோம் என்றே நினைவில் நிற்பதில்லை. பள்ளி நாட்களில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மூன்றையும் சொல்லிக் கொடுத்தார்கள். முன்னுரையை ஒரு மேற்கோளுடன் தொடங்கலாம் என்றார்கள். முடிவுரையில் கருத்தைத் தொகுத்துச் சொல்லவேண்டும் என்றார்கள். பொருளுரைக்கு மட்டும் 'கிளைத் தலைப்புகள் இட்டு எழுதுக' என்பதோடு பாடம் முடிந்துவிட்டது. தலைப்பை இட்டபின் அதன்கீழ் வரும் பத்திக்குள் என்ன நிகழவேண்டும் என்பதை யாரும் விளக்கியதாக நினைவில்லை.

விளைவு என்ன என்பதற்கு ஒரு மாதிரிப் பத்தியை நாமே எழுதிப் பார்ப்போம்.

'சோழர் காலத்தில் மக்களாட்சி தழைத்தோங்கியது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இதற்குச் சான்றாகும். குடவோலை முறையில் தேர்தல் நடைபெற்றது. இராஜராஜ சோழன் தஞ்சையில் பெரிய கோயிலைக் கட்டினான். ஏரிகளும் குளங்களும் வெட்டப்பட்டன. இன்றைய மக்களாட்சிக்கு அன்றே வித்திட்டவர்கள் தமிழர்களே!'

இப்படி ஒரு பத்தியை நீங்கள் எங்கேனும் படிக்காமல் இருந்திருக்கமாட்டீர்கள். இதிலுள்ள தகவல்களைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை உண்மைதான். ஆனால், அவை சேர்ந்து எதையும் நிறுவவில்லை. கல்வெட்டு சான்று என்று சொல்லப்படுகிறதே தவிர, கல்வெட்டு என்ன சொல்கிறது என்பது பத்திக்குள் வரவே இல்லை. பெரிய கோயில் எதற்காக இங்கே நுழைந்தது என்பது அதை எழுதியவருக்கே வெளிச்சம்! இந்தப் பத்தியைச் செம்மைப்படுத்துவது எப்படி என்று தேடப்போனால், பத்தி என்ற அலகின் வரலாற்றுக்குள்ளேயே சற்று நடந்துவர வேண்டியிருக்கிறது.

பழைய கிரேக்கப் பாப்பிரஸ் சுருள்களில் சொற்களுக்கிடையே இடைவெளி இராது. எழுத்துகள் ஒரே ஓட்டமாய் ஓடும். பேசுபவர் மாறும் இடத்திலோ பொருள் மாறும் இடத்திலோ, படியெடுப்பவர் வரியின் இடப்பக்கத்தில் ஒரு சிறு கிடைக்கோட்டை இடுவார். அந்தக் கோட்டின் பெயர்தான் பாராகிராஃபோஸ். 'பக்கத்தில் எழுதப்பட்டது' என்று பொருள். நம் பள்ளிகளில் 'பாரா' என்று வழங்கிய சொல்லின் மூலம் இதுவே. அரிஸ்டாட்டில் இந்தக் குறியை அவ்வளவாக மதிக்கவில்லை. ஒரு வாக்கியம் முடிந்தது என்பதை அதன் ஓசையே உணர்த்தவேண்டும், படியெடுப்பவரோ அவர் இடும் குறியோ உணர்த்தக்கூடாது என்பது அவருடைய 'ரெட்டரிக்' நூலின் மூன்றாம் பகுதியில் உள்ள கருத்து. வெறுமனே வரியை முறித்து எழுதிவிட்டால் பத்தியாகிவிடாது என்று இன்றைய எழுத்தாளர்களுக்குச் சொல்வதுபோல் இல்லையா?

இடைக்கால ஐரோப்பாவில் இந்தக் குறி சிவப்பு மையால் எழுதும் தனி அடையாளமாக வளர்ந்தது. எழுதுபவர் இடம் விட்டுச் செல்வார். வண்ணம் தீட்டுபவர் பின்னால் வந்து அந்த இடத்தில் குறியை வரைவார். அச்சு வந்து நூல்கள் பெருகியபோது, வண்ணம் தீட்ட ஆளில்லாமல் அந்த இடம் வெற்றிடமாகவே நின்றுவிட்டது என்று எழுத்து வரலாற்றாளர்கள் சொல்வர். பத்தியின் முதல் வரியைச் சற்று உள்ளே தள்ளித் தொடங்குகிறோமே, அது வரையப்படாமல் போன ஒரு குறியின் இடம்!

இவையெல்லாம் பத்தியின் புறத்தோற்றம் பற்றியவை. பத்திக்குள் என்ன இருக்கவேண்டும் என்று விதி வகுத்தவர்களுள் முதன்மையாகச் சொல்லப்படுபவர் ஸ்காட்லாந்தின் அபர்தீனைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெயின் (1818-1903). நெசவாளியின் மகன், சிறுவயதிலேயே பள்ளியை விட்டுத் தறியில் அமர்ந்தவர். பின்னாளில் அதே ஊரின் பல்கலைக்கழகத்தில் தருக்கவியல் பேராசிரியரானார். 1866இல் அவர் வெளியிட்ட 'இங்கிலிஷ் காம்போசிஷன் அண்ட் ரெட்டரிக்' என்ற பாடநூலில் பத்திக்கு ஆறு விதிகளைத் தந்தார். ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியத்தோடு கொண்ட உறவு வெளிப்படையாகத் தெரியவேண்டும். முதல் வாக்கியம் பத்தியின் பொருளைச் சுட்டவேண்டும். பத்தி ஒரே பொருளைப் பேசவேண்டும். முதன்மையானதும் துணையானதும் அவற்றுக்குரிய அளவில் நிற்கவேண்டும். மற்ற இரண்டும் வாக்கிய அமைப்பையும் வரிசையையும் பற்றியவை. இன்று உலகமெங்கும் பள்ளிகளில் 'பத்தியின் தலைமை வாக்கியம்' என்று சொல்லித்தரப்படும் பாடம் பெரும்பாலும் இந்த வழியில் வந்ததே. 1890களில் அமெரிக்கப் பேராசிரியர்களான ஸ்காட், டென்னி இருவரும் எழுதிய பாடநூல் அதை வகுப்பறைதோறும் பரப்பியது.

விதி பரவியதே தவிர, நல்ல எழுத்தாளர்கள் அதைப் பின்பற்றுகிறார்களா என்று எண்ணிப் பார்த்தவர்கள் அரிது. ரிச்சர்டு பிராடக் என்ற அமெரிக்க ஆய்வாளர் எண்ணிப் பார்த்தார். புகழ்பெற்ற இதழ்களில் வெளியான 25 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு பத்தி பத்தியாக ஆராய்ந்து 1974இல் வெளியிட்டார். தலைமை வாக்கியத்தோடு தொடங்கிய பத்திகள் நூற்றுக்கு ஏறத்தாழ 13 மட்டுமே! அப்படியானால் பெயினின் விதி பிழையா? நம் கருத்தில் பிழையில்லை. நல்ல பத்திக்கு ஒரு தலைமைக் கருத்து இருந்தாகவேண்டும். அது முதல் வரியில்தான் அமரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அவ்வளவே.

இனி நம் பக்கம் வருவோம். ஓலைச்சுவடியில் பத்தி கிடையாது. ஓலையின் அகலம் சில விரற்கடை. அதில் இடத்தை வீணாக்க ஏட்டாளர்கள் ஒப்பவில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் இடுவதில்லை. மூலமும் உரையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடும். எங்கே செய்யுள் முடிந்தது, எங்கே உரை தொடங்கியது என்பதைப் படிப்பவர்தான் பிரித்தறியவேண்டும். ஆகவே, 'பத்தி என்பது மேலைநாட்டார் தந்த கொடை' என்று சொல்லிவிடுவது எளிது. கண்ணுக்குத் தெரியும் பத்தியைப் பொறுத்தவரை அது சரியும்கூட. ஆனால், உரையாசிரியர்களின் நூல்களைச் சற்று ஊன்றிப் படித்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். இடைவெளி இல்லாத அந்த ஓலைகளுக்குள் பத்தியின் எலும்புக்கூடு முழுமையாக இருந்தது.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தை எடுத்துக்கொள்வோம். தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பகுதி அது. நூல் எப்படி இருக்கவேண்டும், உரை எப்படி இருக்கவேண்டும் என்று அங்கே பவணந்தியார் வரிசையாகச் சொல்கிறார். உரையில் காண்டிகை, விருத்தி என்று இரண்டு வகை. சுருக்கமானது காண்டிகை, விரிவானது விருத்தி. காண்டிகையின் உறுப்புகளாக அவர் தருபவை எவை தெரியுமா? கருத்து, பதப்பொருள், காட்டு ஆகிய மூன்று. அவற்றோடு வினா, விடை ஆகிய இரண்டையும் சேர்த்தால் ஐந்து.

ஒரு கணம் நின்று இந்த ஐந்தையும் பார்ப்போம். கருத்து என்பது சொல்லவந்த பொருளை ஒரு வாக்கியத்தில் நிறுத்துவது. பதப்பொருள் என்பது நாம் கையாளும் சொற்களுக்கு என்ன பொருள் கொள்கிறோம் என்று தெளிவுபடுத்துவது. காட்டு என்பது சான்று. வினா என்பது இதைப் படிக்கும் அறிவுள்ள ஒருவர் எழுப்பக்கூடிய ஐயம் அல்லது தடை. விடை அதற்கான மறுமொழி. இன்று எந்தக் கட்டுரைப் பயிற்சி நூலைத் திறந்தாலும் முதல் மூன்றும் வேறு பெயர்களில் இருக்கும். கடைசி இரண்டும் பெரும்பாலும் இரா. பெயினின் ஆறு விதிகளிலும் அவை இல்லை.

மேலைநாட்டில் தடை-விடை முறை இல்லாமலில்லை. 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவைனாஸ் மறுப்புகளை முதலில் அடுக்கிவிட்டுத்தான் தம் முடிவைச் சொல்வார். வடமொழி மீமாம்சகர்களும் ஐயம், எதிர்த்தரப்பு, தீர்வு என்று பகுத்துக்கொண்டே எழுதினார்கள். எனவே, தமிழருக்கு மட்டுமே உரிய கண்டுபிடிப்பு என்று நாம் மார்தட்ட வரவில்லை. உரையின் மிகச் சிறிய வடிவத்துக்குக்கூட அதை ஓர் உறுப்பாக வகுத்து, மாணவன் முதலில் படிக்கும் பாயிரத்திலேயே வைத்தார்கள் என்பதுதான் நம்மைக் கவர்கிறது.

இந்த இலக்கணம் ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்கு உரைநூல்களே சான்று. தொல்காப்பிய உரைகளில் நூற்பாவுக்கு நூற்பா 'என் நுதலிற்று' என்ற வினா எழுந்து நிற்கும். நுதலுதல் என்றால் கருதுதல், சொல்லக் குறிப்பது. 'இந்த நூற்பா எதைச் சொல்லப் புகுந்தது?' என்று கேட்டு, அதற்கு ஒரு வரியில் விடை சொன்ன பிறகுதான் உரைகாரர் விளக்கத்தில் இறங்குவார். நன்னூல் தரும் 32 உத்திகளில் முதலாவதே 'நுதலிப் புகுதல்'. தலைமை வாக்கியத்துக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா?

பரிமேலழகரைப் பாருங்கள். ஓர் அதிகாரத்தைத் தொடங்கும்போது, முந்தைய அதிகாரத்துக்குப் பின் இது ஏன் வைக்கப்பட்டது என்று காரணம் சொல்லித் தொடங்குவார். அதிகாரத்துக்குள் இரண்டு மூன்று குறள்களைச் சேர்த்து, இவற்றால் இன்னது கூறப்பட்டது என்று முடிச்சுப் போடுவார். வேறு உரை இருந்தால் 'உரைப்பாரும் உளர்' என்று அதையும் எடுத்துவைத்து, தாம் ஏன் அதை ஏற்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

இதில் ஒரு நன்மை உண்டு. மக்கட்பேறு பற்றிய அதிகாரத்துக்கு அவர் இட்ட பெயர் 'புதல்வரைப் பெறுதல்'. அதன் முதற்குறளில் வரும் மக்கள் என்ற சொல் பெண்மக்களைக் குறிக்காது என்பது அவர் முடிபு. அறியவேண்டியவற்றை அறிந்த என்ற அடைமொழி இருப்பதால் அது ஆண்மக்களையே குறிக்கும் என்பது அவர் காட்டும் காரணம். இன்று இதை ஏற்பவர் யார்? நாம் ஏற்கவில்லை. ஆனால், நம்மால் அதை மறுக்க முடிவது எதனால்? காரணத்தை அவர் மறைக்காமல் பக்கத்திலேயே வைத்துப் போனதால்தான். அடைமொழிக்கும் அந்த முடிபுக்கும் தொடர்பில்லை என்று கை வைத்துக் காட்ட இடம் இருக்கிறது. 'மக்களாட்சி தழைத்தோங்கியது' என்ற நம் மாதிரிப் பத்தியை அப்படி மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. பிடிமானமே இல்லை.

அச்சு வந்த கதையை விரைவாகக் கடந்துவிடலாம். 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' தொடங்கி நெடுங்காலம் தமிழ் அச்சு பெரும்பாலும் சமயப் பணியாளர்கள், அரசாங்கத்தார் கையில்தான் இருந்தது. 1835இல் அச்சகக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகே நம்மவர் அச்சகங்கள் பெருகின. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879) நிறுத்தக்குறிகளோடு கூடிய தெளிவான உரைநடையைப் பாடநூல்களிலும், 1852இல் வெளியிட்ட பெரியபுராண வசனத்திலும் நிலைநாட்டினார். காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் பத்தியும் நம் கண்களுக்குப் பழகியது இப்படித்தான். பெயரில்கூட ஒரு சுவை உண்டு. வரிசை என்ற பொருளில் வழங்கிய 'பத்தி' இங்கே நிலைத்தது. ஈழத்திலோ 'பந்தி' என்பார்கள். விருந்துப் பந்தியும் வரிசைதானே! இலை போட்டு அமர்ந்தவருக்குப் பரிமாறும் முறை உண்டு. எதை முதலில் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்று. ஈழத்துச் சொல்லில் அந்த நினைவும் சேர்ந்து வருவதால் அதன்மேல் நமக்குச் சற்றுக் கூடுதல் விருப்பம்.

புறவடிவம் வந்த வேகத்தில் உள்வடிவம் நழுவியதோ என்று தோன்றுகிறது. வரியை உள்ளே தள்ளித் தொடங்கினாலே பத்தி ஆகிவிடும் என்ற வசதி கிடைத்துவிட்டது. ஓலையில் எழுதியவருக்கு அந்த வசதி இல்லை. பொருள் மாறுவதைச் சொற்களாலேயே காட்டியாகவேண்டிய கட்டாயம் அவருக்கு.

சரி, உத்திரமேரூருக்குத் திரும்புவோம். அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள, 1898இல் படியெடுக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகளைப் பற்றித்தான் பேச்சு. இரண்டும் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டு (919), மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டு (921). வெங்கய்யாவும் நீலகண்ட சாஸ்திரியும் விரிவாக ஆராய்ந்தவை. நம் மாதிரிப் பத்தியை இப்போது காண்டிகையின் ஐந்து உறுப்புகளையும் கொண்டு மாற்றி எழுதுவோம்.

'10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூரில் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்தது ஆட்களின் செல்வாக்கு அன்று, எழுதிவைத்த விதி. இங்கே தெரிவு என்பது வாக்கெடுப்பைக் குறிக்காது. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிக்கும் குலுக்கல் முறையே அது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, குடும்புக்கு ஒருவராக 30 பேரை எடுத்து, சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று அமர்த்தச் சொல்கிறது. பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் குடத்தில் பெயரிடத் தகுதியற்றவர்கள். இதை மக்களாட்சி எனலாமா? பொதுவாகக் கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி ஆகியவை கேட்கப்பட்டன. இது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலத்துச் சபை; அவ்வூரிலேயே வாழ்ந்த உழவருக்கோ கைவினைஞருக்கோ பெண்களுக்கோ குடத்தில் இடமில்லை. ஆகவே, ஊரார் அனைவரின் ஆட்சி என்று இதைச் சொல்ல இயலாது. அதிகாரத்தில் உள்ளவர் கணக்குக்குக் கட்டுப்பட்டவர் என்ற விதியைக் கல்லில் வெட்டிவைத்த ஒரு சபை என்று சொல்ல முடியும்.'

நீளம் கூடியிருக்கிறது, உண்மை. ஆனால், தஞ்சைப் பெரிய கோயில் தானாகவே வெளியேறிவிட்டதைக் கவனித்தீர்களா? நாம் அதைத் தேடிப்பிடித்து நீக்கவில்லை. கருத்தை முதலில் நிறுத்தியதும் அதற்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று. ஒத்த இன மணிகளைக் கோப்பதுபோல ஒரே இனப் பொருளை ஓரிடத்தில் வைப்பது 'ஓத்து' என்று இலக்கணநூலார் சொல்வது இதைத்தான்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். 'மக்களாட்சி எனலாமா?' என்ற வினா வந்த இடத்தில்தான் பத்தி உயிர்பெறுகிறது. அதற்கு முன்னிருந்தவை கல்வெட்டின் சாரம். யார் வேண்டுமானாலும் தொகுத்துத் தரலாம். வினா எழுந்ததும் சான்று வேறு விதமாய்ப் பேசத் தொடங்குகிறது. நிலமும் மனையும் வேதமும் அதே கல்வெட்டில்தான் முன்பும் இருந்தன. பெருமிதத்துக்காக மட்டும் கல்வெட்டைப் படித்தவர் கண்ணில் அவை படவில்லை. அல்லது பட்டும் எழுதவில்லை. இப்படி எழுதினால் சோழரின் பெருமை குறைந்துவிடும் என்று சிலர் வருந்தக்கூடும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்குக் காட்டாதவனின் உறவினர்களையும் சேர்த்து ஒதுக்கிவைக்கத் துணிந்த சபை, பொய்யான புகழ்ச்சி இல்லாமலேயே வியப்புக்குரியதுதான்.

நன்னூலார் சொல்லும் பத்துக் குற்றங்களில் இரண்டு பொருளுரைப் பத்திகளுக்கென்றே வகுத்தவை போலிருக்கும். ஒன்று மற்றொன்று விரித்தல். பெரிய கோயில் நுழைந்தது அப்படித்தான். இன்னொன்று சென்று தேய்ந்து இறுதல். இரண்டாவதுதான் கொடியது. கம்பீரமாகப் புறப்பட்டு, போகப்போக மெலிந்து, கடைசியில் ஒரு வியப்புக்குறியோடு உயிரை விடும் பத்திகள்! வியப்புக்குறியை நாமும் தாராளமாகவே இடுகிறோம் என்பதால் இதைச் சற்று மெதுவாகவே சொல்கிறோம்.

பத்திக்குப் பத்தி தாவுவது எப்படி என்பதற்கும் அதே பாயிரத்தில் வழி உண்டு. நூற்பாக்களின் நிலையைப் பவணந்தியார் நான்காகப் பகுக்கிறார். ஆற்றொழுக்கு நீர் ஓடுவதுபோல் தொடர்ந்து செல்வது. அரிமா நோக்கம் சிங்கம் முன்னும் பின்னும் பார்ப்பதுபோல் இருபுறமும் தொடர்பு கொள்வது. தவளைப் பாய்த்து இடையில் விட்டுத் தாவுவது. பருந்தின் வீழ்வு உயரத்திலிருந்து இறங்கித் தனக்கு வேண்டியதை மட்டும் கவ்விக்கொண்டு போவது. வரலாற்றுக் கட்டுரைக்கு ஆற்றொழுக்கே இயல்பானது என்று தோன்றும். காலவரிசை நம்மை அப்படி இழுக்கும். ஆனால், வாதத்தை முன்னெடுக்கும் கட்டுரையில் அரிமா நோக்கமே பெரிதும் உதவுகிறது. முந்தைய பத்தியில் விடைபெறாமல் நின்ற வினா அடுத்த பத்தியின் நுதலிப் புகுதலாக வந்து நிற்கவேண்டும்.

உத்திரமேரூரிலேயே அப்படியொரு வினா காத்திருக்கிறது. 919இல் ஒரு விதியைக் கல்லில் வெட்டியவர்கள் 921இல் அதை மாற்றி மீண்டும் வெட்டுகிறார்கள். முந்தையதில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 வரை என்றாகிறது. தகுதியின்மைப் பட்டியல் விரிகிறது. இரண்டு தடவையும் அரச ஆணையோடு அதிகாரி ஒருவர் சபையில் உடனிருக்கிறார். இடைப்பட்ட அந்த இரண்டு ஆண்டுகளில் சதுர்வேதிமங்கலத்தில் நடந்தது என்ன? யாருடைய கணக்கு வராமல் போயிற்று? அடுத்த பத்தி அங்கேதான் தொடங்கவேண்டும்.